காலில் விழுந்த முதியவர்

கொத்தடிமைகளை மீட்க அதிகாரிகள் ஒன்றாகப் படிக்கும் பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. பிறகு ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் வரிசையாக வந்தன. காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்கள் சாரை சாரையாக ஓடுகின்றன.

இந்த ஆலைகள் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், 2019-ம் ஆண்டிலும், கடனுக்காக மனிதர்கள் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

42 பேர்

அந்த ஆண்டு ஜூலை 10-ந் தேதி. கோனேரிக்குப்பத்தில் மரம் வெட்டும் இடம் ஒன்றுக்குக் காஞ்சிபுரம் சப்-கலெக்டர் சரவணன் போனார். அதே சமயம், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த பருவமேடு கிராமத்துக்கு ராணிப்பேட்டை சப்-கலெக்டர் இளம்பகவத் போனார். இரண்டு இடத்திலும் சேர்த்து 13 குடும்பங்கள், 42 பேர் மீட்கப்பட்டனர். இருளர் இனத்து ஏழைகள். குழந்தைகளும் இருந்தனர்.

வாங்கியது சில ஆயிரம் ரூபாய் முன்பணம். அதற்காக ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டினார்கள். மரம் குறைந்தது, கடன் குறையவில்லை!

மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்டார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் போனார்கள். ஓர் இடத்தில் ஜீப் நுழைந்தால், இன்னோர் இடத்துக்குச் செய்தி பறந்துவிடும். ஆட்களை மறைத்துவிடுவார்கள். சேர்ந்து செய்ததால்தான் காரியம் முடிந்தது.

தனியாகப் போனால்...

போலீஸ்காரர் மட்டும் போனால் என்ன ஆகும்? "பூட்டு இல்லை, சங்கிலி இல்லை, அடிதடியும் இல்லை" என்று திரும்பிவிடக்கூடும். தொழிலாளர் இலாகா அதிகாரி மட்டும் போனால், கூலிப் பாக்கியைக் கணக்குப் பார்த்துச் சமரசம் செய்துவிடக்கூடும். தாசில்தார் மட்டும் போனால், வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடக்கூடும். வழக்கு இராது. சில நாளில் முதலாளியின் ஆள் ஊருக்கே வந்து மறுபடியும் கூட்டிப் போவான்.

இவர்களில் யாரும் கெட்டவர் அல்ல. அவரவர் இலாகா வேலையை அவரவர் பார்த்தார்கள். ஏழை மட்டும் நடுவில் விழுந்துவிட்டான்.

ஆகவேதான் தமிழ்நாட்டில் வருவாய், போலீஸ், தொழிலாளர் இலாகாவினரையும், இலவச சட்ட உதவி வக்கீல்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பயிற்சி தருகிறார்கள்.

சங்கிலி தேவை இல்லை

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணம் கொடுத்து ஒருவரின் உரிமையைப் பறித்தால் அவர் கொத்தடிமை. எந்த உரிமை? நியாயமான கூலி பெறும் உரிமை. வேறு வேலைக்குப் போகும் உரிமை. நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை. தன் உழைப்பையும் பொருளையும் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. இவற்றில் ஒன்று போனாலும் போதும். கை விலங்கு வேண்டியது இல்லை.

அந்தக் கடனும் செல்லாது. திருப்பிக் கொடுக்கவே வேண்டாம். "இது கொத்தடிமைக் கடன் அல்ல" என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். (அபராதம் மட்டும் 1976-ம் ஆண்டு விலைவாசியிலேயே நின்றுவிட்டது!)

பயிற்சியில் கடினமான பாடம், கேள்வி கேட்பதுதான். "நீ கொத்தடிமையா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்? அதுவும் முதலாளி எதிரே நின்றால், "நல்லாத்தான் இருக்கோம் சாமி" என்ற பதில்தான் வரும். முதலாளியை அப்பால் அனுப்பிவிட வேண்டும். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்க வேண்டும்.

"கடைசியா எப்போ ஊருக்குப் போனீங்க, பெரியவரே?"

"புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனீங்களா?"

"கணக்கு நோட்டு யார்கிட்ட இருக்கு?"

இரண்டாவது கேள்வியில் உண்மை வந்துவிடும். பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொண்டு பெற்றோரை அனுப்புவது பழைய தந்திரம்.

வெளிமாநிலத்தார் என்றால் பாஷையும் வேண்டும். 2011-ல் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றில், ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அத்தனை பேரிடமும் வாக்குமூலம் வாங்கி, பத்திரமாக ரெயில் ஏற்றி அனுப்புவது ஒரு இலாகாவால் ஆகிற காரியமா?

ஒரு காகிதம்

மீட்டவுடன் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் உதவி எதுவும் கிடைப்பது கடினம். 2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடுமைக்கு ஆளானவருக்கு 3 லட்சம். உடனடிச் செலவுக்கு முதலில் 20,000 ரூபாய் வரை என்று இருந்தது. பிறகு அது 30,000 ஆயிற்று.

உடனடிப் பணம் வழக்கு முடியும் வரை காத்திராது. ஆனால் லட்ச ரூபாய் உதவி, முதலாளி தண்டிக்கப்படுவதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. போலீஸ் நிலையத்தில் வழக்கைச் சரியாக எழுதாவிட்டால், பணம் போவது அந்த ஏழைக்குத்தான். சான்றிதழ் எழுதும் சப்-கலெக்டரும் வழக்கு எழுதும் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியம் இங்கேதான் இருக்கிறது.

சட்டப்படி மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு உண்டு. கலெக்டர் அதன் தலைவர். மீட்கப்பட்டவருக்கு ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வீட்டுமனை கிடைக்கச் செய்ய வேண்டியது அதிகாரிகளின் அடுத்த வேலை. அது முடிந்த பிறகும் ஒரு தடவை அந்தக் குடிசைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பாங்கு பாஸ் புத்தகம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறதா, பழைய முதலாளியின் மேஜைக்குள் இருக்கிறதா என்று!