பிபிடி-யைத் திறந்ததும் மேக்ரோ தானா ஓடணுமா? அந்த மஞ்சள் பட்டையை முதல்ல கவனிங்க!

நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். அதையொட்டி மாணவர்களுக்கு ஒரு வினாடி வினா நடத்த நினைக்கிறார் லாஸ்பேட்டை ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி உட்கார்ந்து பவர்பாயின்ட்டில் 20 கேள்விகள் தயார் செய்கிறார். கீழூர் வாக்கெடுப்பு நடந்தது எப்போது? 1954 அக்டோபர் 18. வாக்களித்த 178 பேரில் இந்தியாவோடு இணைய ஆதரவு தந்தவர்கள் எத்தனை பேர்? 170. சட்டப்படி இணைப்பு நடந்த நாள் எது? 1962 ஆகஸ்ட் 16. சரியான விடையை க்ளிக் செய்தால் மதிப்பெண் தானாகக் கூடும். அதற்கு ஒரு மேக்ரோவும் எழுதிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். முதல் அணி முடித்துவிட்டுப் போனதும், அடுத்த அணிக்குப் பழைய மதிப்பெண் அப்படியே நிற்கிறது. ஃபைலைத் திறந்ததுமே மதிப்பெண் பூஜ்ஜியம் ஆகிவிட்டால் தேவலை. எக்செலில் இதற்கு 'ஆட்டோ ஓப்பன்' என்று பெயர் வைத்து ஒரு மேக்ரோ எழுதினால் போதும், திறந்தவுடனே ஓடும். அதையே இங்கேயும் எழுதிப் பார்க்கிறார். ஓடவில்லை. மறுநாள் அதே ஃபைலை வாட்ஸ்அப்பில் பள்ளிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், மேலே சிவப்புப் பட்டை. ஏனாமில் இருக்கும் தோழிக்கு அனுப்பினால், அவர் மொபைலில் பட்டன்களே வேலை செய்யவில்லை.

மூன்று இடத்திலும் புகார் ஒன்றுதான்: 'மேக்ரோ ஓடலை.' ஆனால், காரணம் மூன்றும் வேறு வேறு. இது புரியாமல்தான் பலரும் செட்டிங்ஸுக்குள் போய் எல்லாப் பாதுகாப்பையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

பவர்பாயின்ட் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

மேக்ரோ என்பது, நாம் கையால் செய்கிற வேலைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு குட்டி நிரல். அது ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றிலும் மேக்ரோ எழுதும் மொழி ஒன்றுதான், வி.பி.ஏ. பவர்பாயின்ட்டுக்கு இது ஆபீஸ் 97-ல் வந்து சேர்ந்தது.

மொழி ஒன்று என்றாலும் பழக்கம் ஒன்றல்ல. வேர்டும் எக்செலும் 'ஃபைல் திறக்கப்பட்டது' என்று ஃபைலுக்குள் இருக்கும் மேக்ரோவுக்குத் தகவல் சொல்லும். பவர்பாயின்ட் அப்படிச் சொல்லாது. 'ஆட்டோ ஓப்பன்' என்று நீங்கள் பெயர் வைத்தாலும், சாதாரண பிரசன்டேஷனில் அது சும்மாதான் இருக்கும். பவர்பாயின்ட்டோடு சேர்த்து நிறுவும் 'ஆட்-இன்' வகை ஃபைலில், அதாவது பெயர் பிபிஏஎம் என்று முடியும் ஃபைலில் மட்டும்தான் அது ஓடும். ஆசிரியை எழுதியதில் எந்தப் பிழையும் இல்லை. எழுதிய இடம்தான் வேறு.

இன்னொரு சின்ன விஷயமும் பலரைக் கவிழ்க்கிறது. சேமிக்கும்போது பிபிடிஎம் என்ற வகையைத் தேர்வு செய்ய வேண்டும். வழக்கம்போல பிபிடிஎக்ஸ் என்று சேமித்தால் மேக்ரோ மொத்தமும் காணாமல் போய்விடும். நடுவே ஓர் எச்சரிக்கை வரும்தான். அவசரத்தில் அதற்கும் 'யெஸ்' அழுத்திவிட்டுப் போகிறவர்கள் நாம்.

சரி, வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு நிஜமாகவே மேக்ரோ வேண்டுமா?

கல்யாண மண்டப எல்.இ.டி திரையில் போட்டோக்கள் தானாக மாற வேண்டும், பாட்டு தானாக ஓட வேண்டும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்றால் மேக்ரோவே தேவையில்லை. 'டிரான்ஸிஷன்ஸ்' பகுதியில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இத்தனை விநாடி என்று கொடுத்துவிடலாம். 'ஸ்லைடு ஷோ' பகுதியில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' போய் 'கியோஸ்க்' முறையைத் தேர்ந்தெடுத்தால், எஸ்கேப் பட்டனை அழுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டுக்கு 'ப்ளேபேக்' பகுதியில் 'ப்ளே இன் பேக்ரவுண்ட்' என்று வைத்தால் போதும். ஃபைலை பிபிஎஸ்எக்ஸ் வகையில் சேமித்தால், டபுள் க்ளிக் செய்த உடனே முழுத்திரையில் ஷோ ஆரம்பித்துவிடும். 'தானாக ஓடணும்' என்று கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

மதிப்பெண் கூட்டுவது, கேள்விகளைக் குலுக்கிப் போடுவது, மாணவர் டைப் செய்த விடையை அழிப்பது போன்ற வேலைகளுக்குத்தான் மேக்ரோ வேண்டும். அதைத் தானாக ஓடவைக்கச் சில குறுக்கு வழிகள் உண்டு.

முதல் வழி, 'ஆன் ஸ்லைடு ஷோ பேஜ் சேஞ்ச்' என்ற பெயர். இந்தப் பெயரில் ஒரு மேக்ரோ இருந்தால், ஷோ ஆரம்பிக்கும்போதும், ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் பவர்பாயின்ட் அதைக் கூப்பிடும். ஃபைல் திறக்கும்போது கூப்பிடாது, ஷோ ஆரம்பிக்கும்போது கூப்பிடும். நம் ஆசிரியைக்கு அதுவே போதும். இதில் ஒரு கவனம் தேவை. 'இப்போது இருப்பது முதல் ஸ்லைடா?' என்று மேக்ரோ சரிபார்க்க வேண்டும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் பூஜ்ஜியமாகும். கீழூர் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிள்ளை, அடுத்த ஸ்லைடில் தன் மதிப்பெண்ணைத் தேடும். பவர்பாயின்ட் 2007-க்குப் பிறகு, சில கணினிகளில் இந்த மேக்ரோ தூங்கிக்கொண்டே இருக்கும் சிக்கலும் உண்டு. முதல் ஸ்லைடில் 'டெவலப்பர்' பகுதியிலிருந்து ஏதாவது ஓர் ஆக்டிவ்எக்ஸ் பட்டனைச் சும்மா வைத்துவிட்டால் விழித்துக்கொள்ளும் என்பது, நெடுநாளாகப் புழங்கிவரும் கைவைத்தியம்.

இரண்டாவது வழி, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட். அதன் 'டார்கெட்' பெட்டியில் பவர்பாயின்ட்டின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஆங்கில எம் எழுத்து, பிறகு ஃபைலின் பெயர், மேக்ரோவின் பெயர் என்று வரிசையாகக் கொடுத்தால், ஷார்ட்கட்டைத் திறந்ததும் அந்த மேக்ரோ ஓடும். ஒரே கம்ப்யூட்டரில் தினமும் ஓட்டுபவர்களுக்கு இது வசதி. ஃபைலை வேறு ஆளுக்கு அனுப்பினால் ஷார்ட்கட் கூடவே போகாது.

பவர்பாயின்ட்டின் மேல்பட்டையையே, அதாவது 'ரிப்பன்'-ஐ, மாற்றி எழுதி, அது ஏற்றப்படும் நேரத்தில் மேக்ரோவை ஓடவைக்கும் வழியும் இருக்கிறது. ஃபைல் திறந்ததும் ஓட வேண்டும் என்றால் இதுதான் சரியான வழி. ஆனால், எக்ஸ்எம்எல் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

என்னைக் கேட்டால், இத்தனையும் வேண்டாம். முதல் ஸ்லைடில் பெரிதாக 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வையுங்கள். 'இன்சர்ட்' பகுதியில் 'ஆக்‌ஷன்' போய் 'ரன் மேக்ரோ' என்பதில் மதிப்பெண்ணைப் பூஜ்ஜியமாக்கும் மேக்ரோவைக் கொடுங்கள். அதே மேக்ரோவின் கடைசி வரியில் இரண்டாவது ஸ்லைடுக்குப் போகச் சொல்லுங்கள். ஒரே ஒரு க்ளிக். அந்த க்ளிக்கைச் செய்யப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

சிவப்பா, மஞ்சளா?

இப்போது வாட்ஸ்அப் கதைக்கு வருவோம். இணையத்திலிருந்து ஒரு ஃபைலை இறக்கும்போது, 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றைக் குத்திவைக்கிறது. அந்த முத்திரையோடு வரும் ஃபைலில் மேக்ரோ இருந்தால் மொத்தமாகத் தடுப்பது என்று மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. நடுவில் ஜூலையில் கொஞ்சம் பின்வாங்கி, அதே மாதக் கடைசியில் மீண்டும் அமலுக்குக் கொண்டுவந்தது. அதுதான் அந்தச் சிவப்புப் பட்டை. அதில் 'எனேபிள்' பட்டனே இருக்காது.

அதே ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோனால் பெரும்பாலும் மஞ்சள் பட்டைதான் வரும். அதில் 'எனேபிள் கன்டென்ட்' இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? கணினியின் ஹார்டு டிஸ்க் வடிவத்தில்தான் அந்த முத்திரை ஒட்டும். வழக்கமான பென்டிரைவ்களின் வடிவத்துக்கு அதைச் சுமக்கத் தெரியாது. ஆக, மஞ்சள் பட்டை வந்தால் ஃபைல் நல்லது என்று அர்த்தம் கிடையாது. எங்கிருந்து வந்தது என்பது விண்டோஸுக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். நேரு வீதியில் ஏதோ ஒரு கடையில் பிரின்ட் எடுக்கச் செருகிய பென்டிரைவ் என்றால், ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத்தான் வேண்டும்.

ஃபைல் உங்களுடையதுதான், நீங்களே எழுதியது என்றால் தீர்வு எளிது. ஃபைல் மேல் ரைட் க்ளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் கீழே 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் முத்திரை போய்விடும். அடிக்கடி பயன்படுத்துவீர்கள் என்றால், 'டிரஸ்ட் சென்டர்' உள்ளே 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' என்பதில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்து, உங்கள் சொந்த ஃபைல்களை மட்டும் அங்கே வையுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே அதில் சேர்த்துவிடாதீர்கள். வாசற்கதவைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம் அது. 'எனேபிள் ஆல் மேக்ரோஸ்' என்ற தேர்வும் அப்படித்தான். பள்ளிக் கம்ப்யூட்டர் போலப் பலரும் தொடும் இயந்திரத்தில் அதை யாரோ ஒருவர் ஒருநாள் வசதிக்காக மாற்றிவைத்தால், அதற்குப் பிறகு வருகிற எல்லா ஃபைலுக்கும் அது பொருந்தும்.

ஏனாம் தோழியின் பிரச்னைக்கு மட்டும் மருந்து கிடையாது. மொபைல் பவர்பாயின்ட்டிலும், பிரவுசரில் திறக்கும் பவர்பாயின்ட்டிலும் மேக்ரோ ஓடாது. ஆண்ட்ராய்டில் இயங்கும் ஸ்மார்ட் போர்டிலும் அதே கதைதான். விடைகளுக்கு 'சரி', 'தவறு' ஸ்லைடுகளை வைத்து லிங்க் கொடுத்தால் மொபைலிலும் ஆடலாம். மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

தானாக ஓடும் மேக்ரோ ஆசிரியைக்கு எவ்வளவு வசதியோ, திருடனுக்கும் அவ்வளவு வசதி. 1995-ல் பரவிய 'கான்செப்ட்' வைரஸ், வேர்டு ஃபைல் திறந்ததும் மேக்ரோ ஓடும் வசதியில்தான் ஏறிப் பயணித்தது. 1999 மார்ச் 26 அன்று கிளம்பிய 'மெலிசா' இன்னும் மோசம். ஃபைலைத் திறந்ததும், அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்ததால் எல்லோரும் திறந்தார்கள். பெரிய நிறுவனங்களின் மெயில் சர்வர்களே திணறி நின்றன. அதை எழுதிய அமெரிக்கருக்கு 20 மாதச் சிறை கிடைத்தது.

அந்த நாள்களில் பவர்பாயின்ட் ஓரளவு தப்பித்ததற்கு, திறந்ததும் ஓடாத அதன் குணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் குறையாகச் சொல்வது, ஒருவகையில் வேலியாகவும் இருந்திருக்கிறது. ஆனால், வேலியைத் தாண்டத் தெரியாதவர்களா அவர்கள்? 2017-ல் பரவிய ஒரு பிரசன்டேஷனில் மேக்ரோவே கிடையாது. ஸ்லைடில் இருந்த லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோனாலே, க்ளிக் செய்யாமலேயே, வெளியிலிருந்து ஒரு நிரலை இழுத்துவரப் பார்த்தது. எச்சரிக்கைப் பெட்டியில் 'எனேபிள்' அழுத்தியவர்கள் மாட்டினார்கள். 2022-ன் தொடக்கத்தில், பிபிஏஎம் ஆட்-இன் ஃபைல்களை மெயிலில் அனுப்பும் மோசடி பற்றிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 'ஆட்டோ ஓப்பன்' ஓடுகிற ஒரே பவர்பாயின்ட் வகை அதுதான் என்பதை அவர்களும் படித்திருக்கிறார்கள்!

அதனால் 'சுற்றறிக்கை', 'சம்பளப் பட்டியல்', 'ஹால் டிக்கெட்' என்ற பெயரில் மெயிலிலோ குரூப்பிலோ வரும் ஒரு பிபிடி, 'முழுதாகப் பார்க்க எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்' என்று கேட்டால், அழுத்தாதீர்கள். வெறுமனே படிக்கவேண்டிய ஃபைலுக்கு மேக்ரோ எதற்கு? அனுப்பியவர் தெரிந்தவர்தான் என்றால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மெலிசாவும் தெரிந்தவர் பெயரில்தான் வந்தது.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸை முழு ஸ்கேனில் விடுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால், புது பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். பணம் போயிருந்தால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எந்த அளவுக்குச் சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.