கடவுச்சீட்டில் கிடைத்த முகம்

கணிதமேதை இராமானுஜன் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஒரே முகம்தான்: கோட்டுப் போட்டு, நேரே நம்மைப் பார்க்கும், நோயில் களைத்த முகம். பாடப்புத்தகத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் அதையே காண்கிறோம். 1919இல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புவதற்கான கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் அது.

அவர் கப்பலேறிப் போனது 1914 மார்ச்சில், முதலாம் உலகப்போருக்குச் சில மாதங்கள் முன். பிரித்தானியக் கடவுச்சீட்டில் முகப்படம் ஒட்டும் வழக்கம் வந்தது போர்க்காலத்தில்தான். போரின் கெடுபிடிதான் அந்த முகத்தை நமக்குத் தந்தது என்று சொல்லலாம்.

படத்தில் இருப்பவருக்கு வயது 31. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாததால் கல்லூரிப் பரீட்சைகளில் தோற்றார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு இலிகிதர் வேலை பார்த்தபடி, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் அவரை ட்ரினிட்டி கல்லூரிக்குக் கொண்டுபோனது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரக்கறிச் சாப்பாடு கிடைப்பதே பாடாயிற்று. 1917இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் கருதினார். 1918இல் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியதும் இந்தச் சுகவீனத்தின் நடுவில்தான். ஊர் திரும்பிய மறு ஆண்டு, 1920 ஏப்ரல் 26இல், சென்னையில் இறந்தார். கடைசி மாதங்களிலும் புதிய சார்புகளைக் கண்டுபிடித்து ஹார்டிக்கு எழுதினார்.

பிறகு அந்தப் படம் எங்கே இருந்தது? மனைவி ஜானகியிடம். பத்து வயதில் மணமாகி 21 வயதில் கைம்பெண்ணானவர். தையல் பழகி, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்தவர். 1936இல் ஹார்டி, ஹார்வர்டில் தாம் ஆற்றவிருந்த விரிவுரைகளை நூலாக்க எண்ணி, நண்பரின் படம் ஒன்றைத் தேடினார். தேடித்தர முன்வந்தவர் இளம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் சென்னைக்கு வந்து ஜானகியைச் சந்தித்தார். 17 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கடவுச்சீட்டு பத்திரமாக இருந்தது.

இப்படிக் காப்பாற்றப்பட்ட ஒரு படத்தின் பெறுமதி யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு நன்றாக விளங்கும். 1990இல் வேலணை, சாட்டிப் பக்கத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் வீட்டோடு போயின. பிறகு அடையாள அட்டையின் சின்னப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதையும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு தாயோ மனைவியோ, மடிக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும். இராமானுஜனின் புகழைப் பேசுகிறவர்கள் ஜானகியின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஹார்டியின் நூல் 1940இல் அந்தப் படத்தோடு வெளிவந்தது. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லை என்று 1980களின் தொடக்கத்தில் ஜானகி பத்திரிகையில் வருந்தினார். அதையறிந்த அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் ஆஸ்கி உலகெங்கும் கணிதர்களிடம் பணம் திரட்ட, போல் கிரான்லுண்ட் என்ற சிற்பி அதே கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்தார். ஒரு பிரதி ஜானகிக்கு வந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. சந்திரசேகரும் ஒன்று வாங்கினார். பின்னாளில் அதை ரோயல் சொசைட்டிக்கு அன்பளித்தார்.