கர்ப்பிணித் தாய்மாரிடம் சிறுநீர் கேட்பது ஏன்?



"வயித்தைப் பார்த்தாச்சு, பிள்ளை துடிக்குதுன்னும் சொல்லியாச்சு. இந்த மூத்திரத்துல என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்க?" தோட்டங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கிளினிக் நாளில் பேர் போய்விடுமே என்று கொழுந்துக்குப் போகும் தாய்மாரும் உண்டு. அந்தக் கவலை நமக்கும் விளங்குகிறது. ஆனாலும் அந்தச் சின்னப் போத்தலில் தாய், பிள்ளை இருவருடைய உயிர்ச் செய்தியும் இருக்கிறது.

வடிகட்டி ஓட்டையானால்

தேத்தண்ணியை வடிக்கும்போது சாயம் இறங்கும், தூள் மேலே நிற்கும். நமது சிறுநீரகமும் அப்படித்தான். கழிவை வெளியே விட்டு, இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. ஐந்து மாதத்துக்குப் பின் சில கர்ப்பிணிகளுக்கு பிரஷர் 140/90க்கு ஏறி, அந்த வடிகட்டியும் பழுதாகிறது. அப்போது புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரம்பத்தில் தாய்க்கு ஒரு நோவும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் பிரஷரையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத புரதத்தைக் காண்பது எப்படி?

முட்டையின் வெள்ளைக் கரு கொதித்தால் கட்டியாகிறது அல்லவா? அதிலுள்ளதும் அல்புமின் வகைப் புரதமே. 1827ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுதிரியில் சுடவைத்துப் பார்த்ததை எழுதினார். புரதம் இருந்தால் அது வெள்ளையாகக் கலங்கும். வேறு உப்புகளாலும் கலங்கக்கூடும். ஆகவே, சில துளி அசற்றிக் அமிலம் விடுவார்கள். உப்பினால் வந்த கலங்கல் தெளிந்துவிடும். புரதக் கலங்கல் நிற்கும்.

இப்போது கிளினிக்குகளில் பெரும்பாலும் பரிசோதனைக் கீற்றுத்தான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பாவதை ஆரத்தித் தட்டில் பார்த்திருக்கிறோம். அதுபோல, கீற்றின் நுனியிலுள்ள மஞ்சள் சாயத்தில் புரதம் பட்டால் அது பச்சையாகிறது. புரதம் கூடக்கூட நீலப்பச்சையாகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் டப்பாவிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். ஒரு பிளஸ் என்றால் 100 மில்லிலீற்றர் சிறுநீரில் சுமார் 30 மில்லிகிராம் புரதம். இரண்டு பிளஸ் 100. மூன்று பிளஸ் 300. ஈரம் பட்டால் கீற்று கெட்டுவிடும். பனி மூடும் நம் மலைப் பக்கத்தில் டப்பாவை உடனே இறுக மூடுவது அதனால்தான்.

கீற்று சொல்வது ஒரு மதிப்பு மட்டுமே. நிறைய தண்ணி குடித்திருந்தால் புரதம் குறைவாகக் காட்டும். குடிக்காமல் வெயிலில் வேலை செய்திருந்தால் கூடக் காட்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் சரியாக அளக்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரைச் சேர்த்து அளந்தால், 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது கூடுதல் என்று கொள்வார்கள். ஒரு தேக்கரண்டி சீனியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு அது! ஒருமுறை எடுத்த சிறுநீரிலேயே புரதத்தையும் கிரியற்றினின் என்ற கழிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

போத்தலை நன்றாகக் கழுவி, சோப்போ கிருமிநாசினியோ ஒட்டாமல் அலசிக் காயவைக்க வேண்டும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். வெள்ளைபடுதல், சிறுநீர் எரிவு இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவற்றாலும் கீற்று நிறம் மாறும்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க" என்று பயந்து தண்ணி கலப்பதும், அடுத்தவர் சிறுநீரைக் கொடுப்பதும் நம்மை நாமே ஏமாற்றுவதாகும். முட்டை, பருப்பு சாப்பிட்டதால் புரதம் வந்தது என்று அவற்றை நிறுத்தவும் வேண்டாம். ஒழுகுவது இரத்தத்திலுள்ள புரதம். கர்ப்பிணிக்குச் சத்துணவு அவசியம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கடுமையான தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் நோவு, திடீரென முகமும் கையும் வீங்குதல் இவற்றில் எது வந்தாலும், கீற்று மாறாவிட்டாலும்கூட, கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவானாலும் வாகனம் கேளுங்கள். குழந்தை பிறந்த பின்னும் சில வாரங்கள் இந்தக் கவனம் தேவை.

கணவன்மாரே, மாமிமாரே! கிளினிக் நாளில் வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போன பேரை அடுத்த கிழமை உழைத்துக்கொள்ளலாம். போன உயிரை எங்கே போய்த் தேடுவது?