இரு சக்கர வைத்தியம் – 14: நடுவில் விழுந்த குழி

பக்கத்து வீட்டுத் தம்பி பழைய 100 சிசி வண்டி ஒன்றை வாங்கி வந்திருந்தான். "அண்ணே, ஹேண்டில் தானா நடுவுல வந்து நிக்குது. நூல் பிடிச்ச மாதிரி போகும் பாருங்க" என்றான் பெருமையாக. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் அவனையே உட்காரவைத்து, தூக்கிக்கொண்ட முன்சக்கரத்தை ஒரு விரலால் மெல்லத் திருப்பினேன். நடுவுக்கு வந்ததும் ‘டக்’கென்று ஒரு குழியில் உட்கார்ந்துகொண்டது. கோன்செட் போய்விட்டது.

போன வாரம் பார்த்த செயினாவது சத்தம் போட்டுக் கூப்பிடும். கோன்செட் ஊமை. ஃப்ரேமின் கழுத்துக் குழாயில் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம்; அவற்றில் உட்காரும் கோன்கள்; நடுவே பால்ரஸ் குண்டுகள். சைக்கிள் கடையில் போர்க்கைக் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் குண்டுகளைக் கொட்டுவார்களே, அதே ஏற்பாடுதான்.

குழி எப்படி விழுகிறது? ரோட்டுப் பள்ளம்தான் காரணம் என்பார்கள் கடையில். பள்ளத்துக்கும் பங்கு உண்டு. அடியை அதிகம் வாங்குவது கீழ்க்கிண்ணம். ஆனால் முழுப் பழியையும் ரோட்டின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. சக்கர பேரிங் சுற்றிக்கொண்டே இருப்பதால் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போய்வரும். நேர்ச்சாலையில் ஹேண்டில் திரும்புவதோ ஒன்றிரண்டு டிகிரி. அதே குண்டு, அதே இடத்தில், நாள் முழுக்க நடுங்குகிறது. கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கிப் போனால் திரும்பக் கொண்டுவர யாருமில்லை. இரும்போடு இரும்பு உரசிச் செம்பொடி உதிர்கிறது. அந்தப் பொடியே அரமாகி மேலும் தேய்க்கிறது.

1930களில் டெட்ராய்டிலிருந்து ரயிலேறிய புத்தம்புதுக் கார்கள், ஊர் போய்ச் சேரும்போதே சக்கர பேரிங்கில் தழும்போடு இறங்கின. உருளாத சக்கரம், ரயிலின் அதிர்வு, அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸின் ஜே.ஓ. ஆல்மன் 1937இல் இதை விளக்கி எழுதினார். இதற்குப் ‘போலி பிரினெல் தழும்பு’ என்று பெயர். குண்டை அழுத்திக் குழியை அளந்து உலோகத்தின் கடினத்தைக் கணக்கிட்ட ஸ்வீடன்காரர் பிரினெல். இங்கே குழி அழுந்தி விழுவதில்லை, உரசித் தேய்ந்தே விழுகிறது, அதனால் ‘போலி’.

நம் ஊரில் இதற்குத் துணைக்கு வருவது வாட்டர் சர்வீஸ். பளபளப்புக்கு ஆசைப்பட்டுக் கழுத்தருகே குழாயைப் பிடித்துப் பீய்ச்சினால் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை மோராக்கிவிடும்.

சோதனை எளிது. முன்சக்கரம் தூக்கியிருக்க, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘கடக்’ என்றால் லூசு. மேல் நட்டைத் தளர்த்தி, அதன் கீழிருக்கும் காடி வெட்டிய நட்டைக் கொஞ்சம் முறுக்கினால் தீரும். நடுவில் பிடித்தால் முறுக்கித் தீராது. முறுக்க முறுக்க, சந்தைத் தெருவில் மெதுவாகப் போகையில் வண்டி குடிகாரன் நடைபோல அலையும்.

குழி விழும் முன்பே கழற்றுவதுதான் லாபம். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். கீழ்க்கிண்ணத்துக் குண்டுகள் சொல்லாமல் உதிரும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணித் தனித்தனியாக வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நகத்தால் கிண்ணத்தைத் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லையா, தண்ணீருக்குக் கரையாத நல்ல கிரீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை அதிலேயே ஒட்டவைத்துப் பூட்டலாம். தடுக்கினால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதுக் குண்டு போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

தம்பிக்கு முழு செட்டும் மாற்றினோம். மறுநாளே வந்து நின்றான். "என்னண்ணே, ஹேண்டில் நடுவுல நிக்காம அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயுது? கொஞ்சம் டைட் வச்சிரலாமா?"

"தொடாதே" என்றேன். "சக்கரத்தைத் தூக்கினா அப்படித்தான் சாயணும்."