பனியன் பில்லுக்குள் பதுங்கிய '5'

2021 டிசம்பர் 31. விடிந்தால், 1,000 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதத்திலிருந்து 12 ஆக உயர வேண்டும். அன்றைக்கு டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சிலின் 46-வது கூட்டம், உயர்வைத் தள்ளிவைத்தது. ஜவுளித் துறை பெருமூச்சு விட்டது. பில் சாஃப்ட்வேரை முன்கூட்டியே 12-க்கு மாற்றிவைத்தவர்களுக்கு மட்டும் வேலை பாக்கி!

எவ்வளவு வேலை என்பது, அந்த எண் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. வரி விகிதம் தனி அட்டவணையில் இருந்தால், கடைக்காரரே இரண்டு நிமிடத்தில் மாற்றலாம். புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தால் (இதை 'ஹார்ட் கோடிங்' என்பார்கள்) எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பில், ரிட்டர்ன், ரிப்போர்ட் எனப் பல இடங்களில் அந்த எண் கிடக்கும். ஒன்றை விட்டாலும் கணக்கு இடிக்கும்.

நிட்டிங் மெஷின்களோடு வாழும் திருப்பூருக்கு இது பழகிய விஷயம்தான். சாதாரண வட்ட நிட்டிங் மெஷினில் டிசைன் என்பது கேம்களையும் ஊசிகளையும் அடுக்கும் விதத்திலேயே இருக்கிறது. டிசைனை மாற்ற மெஷினை நிறுத்தி, கழற்றி மாட்ட வேண்டும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டிலோ டிசைன் தனி ஃபைல், ஏற்றினால் போதும். பிரான்ஸின் ஜக்கார்ட் 1804-லேயே தறியில் செய்த வித்தை இது. துளையிட்ட அட்டைகளை மாற்றினால் அதே தறி வேறு பூ நெய்யும்.

2025 செப்டம்பர் 22 இன்னொரு பாடம். அன்று விகிதம் மட்டுமல்ல, வரம்பும் மாறியது: 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம், அதற்கு மேல் 18. விகிதத்தை வெளியே வைத்துவிட்டு '1,000' என்ற வரம்பைப் புரோகிராமுக்குள் மறந்தவர்களுக்குத் தலைவலிதான். 1,800 ரூபாய் சட்டைக்கு முன்பு வரி 216 ரூபாய்; இப்போது 90. பழைய வரம்பிலேயே ஓடும் சாஃப்ட்வேர், வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கறந்துவிடும்.

அட்டவணையில் 'எந்தத் தேதி முதல்' என்ற கட்டமும் அவசியம். ஆகஸ்ட்டில் விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், ஆகஸ்ட் விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதியவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டுமா? வேண்டாம். டஜனுக்கு 12, அங்குலத்துக்கு 2.54 சென்டிமீட்டர் என்பவற்றை எந்த கவுன்சிலும் மாற்றப்போவதில்லை, உள்ளேயே இருக்கட்டும். வெளியே வைத்த அட்டவணைக்கோ பாஸ்வேர்டு கட்டாயம். அவசரத்தில் யாராவது 5-க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியத்தைத் தட்டிவிட்டால், அன்றைய பில் எல்லாமே கோவிந்தா!