நிறைவின் வேளையில் வரும் சோதனை

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் எனும் நம் சுற்றுவட்டாரம் ஏரிகளின் நிலம். இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் ஒரு காலத்தில் ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்தது. ஏரியை நம்பி வாழ்ந்த உழவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். வறண்ட ஏரிக்குக் காவல் தேவையில்லை. கரை உடைவது ஏரி நிறைந்திருக்கும்போதுதான். கோடைக்காலமெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாத நண்டு வளை, நீர் விளிம்பு வரை ஏறி நிற்கும் இரவில் கரையையே கொண்டுபோய்விடும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, உபரிநீர் செல்லும் வழிகளை அடைத்து வீடு கட்டியதன் விலையை நாம் கண்ணாரக் கண்டோம்.

ஆவிக்குரிய வாழ்வுக்கும் இவ்வுண்மை பொருந்தும். சோதனை என்றதும் வறுமை, நோய், உபத்திரவம் ஆகியவற்றையே விசுவாசிகள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். அவையும் சோதனைகளே. ஆயினும் திருமறையும் திருச்சபை வரலாறும் இதைவிடக் கொடிய ஒரு சோதனையைக் காட்டுகின்றன. அது நிறைவின் வேளையில், ஆசீர்வாதத்தின் அடிச்சுவட்டிலேயே வருவது. அதைக் குறித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் பொருள்

தமிழில் 'சோதனை' என்னும் ஒரே சொல் பல பணிகளைச் செய்கிறது. தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் (ஆதி. 22:1). பிசாசு ஆண்டவரைச் சோதித்தான் (மத். 4:1). ஆவிகளைச் சோதித்தறியும்படி யோவான் சபைக்குக் கட்டளையிடுகிறார் (1 யோவான் 4:1). தேவனையே சோதிப்பது நமக்கு விலக்கப்பட்டுள்ளது (உபா. 6:16). இவ்விடத்தில் நம் பழைய திருப்புதல் 'பரீட்சை' என்ற சொல்லைக் கையாளுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இங்கு இரண்டு சொற்கள் முக்கியமானவை. 'பெய்ராஸ்மோஸ்' என்பது ஒருவனைச் சோதனைக்கு உட்படுத்துவதைக் குறிக்கும். அது அவனை உறுதிப்படுத்தவும் நேரலாம், வீழ்த்தவும் நேரலாம். 'டோக்கிமாட்சோ' என்பது பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல ஒன்றன் தரத்தை ஆராய்ந்தறிவது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, ஆவியானவரின் செயலை அவித்துப்போடக் கூடாது என்று கூறும் பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் ஆராய வேண்டும் என்று இச்சொல்லால் கட்டளையிடுகிறார் (1 தெச. 5:19-21). இக்கட்டளைகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுவோருக்கு இடறல் நிச்சயம்.

யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், சோதனை வரும்போது மகிழும்படி கூறுகிறார் (1:2). தேவன் ஒருவரையும் பொல்லாப்பினால் சோதிப்பதில்லை என்றும் கூறுகிறார் (1:13). இரண்டு இடங்களிலும் வருவது ஒரே வேர்ச்சொல். நிகழ்ச்சி ஒன்றே, அதில் தேவனுடைய நோக்கம் வேறு, நம் இச்சையின் இழுப்பு வேறு. மனிதன் தன் இச்சையினால் 'சிக்குண்டு' போவதைக் கூறும் இடத்தில் (1:14) தூண்டிலில் இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும் சொல்லை அவர் எழுதுகிறார். மீன் வெறும் முள்ளை விழுங்குவதில்லை. அதற்குப் பிரியமான இரைக்குள்தான் முள் இருக்கிறது. ஊழியனுக்குப் பிரியமானது ஊழியம். ஆகவே அவனுக்குரிய முள் பெரும்பாலும் ஊழியத்தினுள்ளேயே இருக்கும்.

2. திருமறையின் சாட்சி

ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானம் திறந்தது, பிதாவின் சத்தம் உண்டானது. அதையடுத்து நிகழ்வது வனாந்தரச் சோதனை. நடுவில் ஒரு நாள் ஓய்வுகூடக் கூறப்படவில்லை. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்ற சாயலில் தொடங்கும் பிசாசின் பேச்சு, பிதா சற்றுமுன் சொன்ன அதே சொல்லைத்தான் பற்றிக்கொள்கிறது. பெற்ற ஆசீர்வாதமே சோதனையின் கைப்பிடியாகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஆண்டவர் கூறிய மூன்று மறுமொழிகளும் உபாகமத்தின் 6, 8 ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. அந்த 8 ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிப்போர் ஒன்றைக் காணலாம். அதன் முற்பகுதி வனாந்தரத்தின் பசியைப் பேசுகிறது. பிற்பகுதியோ இஸ்ரவேலர் புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, ஆடுமாடுகளும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது, அவர்கள் மனம் மேட்டிமையடைந்து தேவனை மறக்கும் அபாயத்தைப் பேசுகிறது. பசியின் சோதனைக்கு 40 ஆண்டுகள் வழிநடத்திய மோசே, இவ்விரண்டாம் சோதனையைக் குறித்தே அதிகமாகக் கவலைப்படுகிறார்.

மற்ற சாட்சிகளையும் இங்கே சுருக்கமாகக் குறிப்பிடலாம். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து விழுந்தது கர்மேல் வெற்றிக்குப் பின் (1 இரா. 18, 19). தாவீது விழுந்தது சவுலால் துரத்தப்பட்ட குகைகளில் அல்ல, எருசலேமின் அரண்மனை மாடியில் (2 சாமு. 11). உசியா பலப்பட்டபோது அவன் மனம் மேட்டிமையாயிற்று, தனக்குரியதல்லாத தூபகலசத்தை அவன் கையில் எடுத்தான் (2 நாளா. 26:16-19).

இந்த உண்மையை ஜான் பனியனும் அறிந்திருந்தார். 1678 இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாணக் கதையில், பிரயாணிகளைத் தூக்கத்தில் ஆழ்த்தும் மயக்கநிலம் பயணத்தின் தொடக்கத்தில் இல்லை. பெரும் போராட்டங்களெல்லாம் கடந்து, இலக்கு நெருங்கிய பின்பே அது வருகிறது. அக்கதையைத் தழுவி நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894 இல் தமிழுக்குத் தந்தார்.

3. வரலாற்றின் சாட்சி

தமிழ்நாட்டுச் சபையின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

1810 இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். பின்பு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரின் தொடர்பினால், எந்த மிஷன் சங்கத்தின் சம்பளத்தையும் சாராமல் ஊழியம் செய்யும் தீர்மானத்துக்கு வந்தார். வத்திராயிருப்புக்கு அருகில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவினார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி அக்காலத்தில் இந்தியாவுக்கும் எட்டியிருந்தது. 1860 இல் அருளப்பனின் சபையாரிடையேயும், அதைத் தொடர்ந்து திருநெல்வேலிச் சீமையின் சபைகளிலும் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் பாவங்களை அறிக்கையிட்டுக் கதறினார்கள். தீர்க்கதரிசனம், தரிசனம், அந்நியபாஷை ஆகியவற்றைக் குறித்த செய்திகளும் வந்தன. கூலிக்கு உழைக்காத சுதேச ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். அருளப்பன் 1867 இல் காலமானார்.

அந்த எழுப்புதலின் அலை மலைகளைக் கடந்து திருவிதாங்கூருக்கும் சென்றது. 1873 முதல் அங்கே சி.எம்.எஸ். சபைகளிலும் சிரியன் சபைகளிலும் எழுப்புதல் பரவியது. அதில் முன்னின்றவர் ஜஸ்டஸ் ஜோசப் என்னும் குருவானவர். வித்வான்குட்டி என்பது அவருக்கு வழங்கிய பெயர். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861 இல் ஞானஸ்நானம் பெற்றவர். கல்வியும் கவித்திறனும் மனந்திரும்புதலின் வல்லமையும் ஒருங்கே அமைந்தவர். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

ஏரி நிறைந்திருந்த அந்த வேளையில்தான் கரையில் வளை விழுந்தது. 1875 இல், இன்னும் 6 ஆண்டுகளில் கர்த்தர் வருவார் என்ற தீர்க்கதரிசனம் அவ்வட்டாரத்தில் எழுந்தது. வித்வான்குட்டி அதை ஏற்று அறிவித்தார். நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்ற ஆண்டவரின் தெளிவான வாக்கு (மத். 24:36) அவருக்குத் தெரியாததல்ல. திருச்சபை அவரை ஊழியத்திலிருந்து விலக்கியது. அவரும் அவரைப் பின்பற்றியோரும் தனிக் கூட்டமானார்கள். மக்கள் அவர்களை 'ஆறாண்டுக் கட்சியார்' என்று அழைத்தார்கள். 1881 வந்தது, கடந்தும் போயிற்று. ஆண்டவர் வரவில்லை. பலர் மனமுடைந்து பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். எஞ்சியோர் 'யுயோமயம்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

இவ்வரலாற்றை வாசித்து எழுப்புதலே தவறு என்று முடிவுசெய்வது எளிது. அது பிழையான முடிவு. மனந்திரும்பியவர்கள் மெய்யாகவே மனந்திரும்பினார்கள். வித்வான்குட்டியை ஏளனம் செய்வதும் தகாது. அவர் பேராசைக்காரருமல்ல, வேஷக்காரருமல்ல. கர்த்தருடைய வருகையின்மேல் அவருக்கிருந்த வாஞ்சை நம்மில் பலருக்கு இல்லை. அந்த நல்ல வாஞ்சையே தூண்டிலின் இரையாயிற்று. ஒரு காலத்தில் தேவன் தம் மூலமாகப் பேசினார் என்ற மெய்யான அனுபவம், இனித் தமக்குத் தோன்றுவதெல்லாம் தேவனுடைய பேச்சே என்ற துணிவாக மாறியது. ஆராய்ந்தறியும் கடமை அவிசுவாசமாகக் காணப்பட்டது. அபாயம் நுழைந்த இடம் அதுவே.

4. என் சொந்தச் சாட்சி

பிறரைக் குறித்து எழுதுவது எளிது. என்னைக் குறித்தும் எழுதுவது கடமை.

ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன்பு, என் பொறுப்பிலிருந்த ஒரு சபையில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடத்தினோம். வெளியூரிலிருந்து ஓர் ஊழியரை அழைத்திருந்தோம். கூட்டம் ஒவ்வொரு நாளும் பெருகியது. வராண்டாவிலும் தெருவிலும் பாய் விரித்து மக்கள் அமர்ந்தார்கள். மனந்திரும்புதலும் மெய்யாகவே நிகழ்ந்தது. கடைசி நாளன்று அந்த ஊழியர், நோயுள்ளோர் பலர் அந்த நேரமே குணமானதாக அறிவித்து, விசுவாசமுள்ளவர்கள் இனி மருந்தைத் தொட வேண்டாம் என்றார். மேடையில் அவர் பக்கத்தில் நான் அமர்ந்திருந்தேன். அது முறையல்ல என்று என் மனச்சாட்சி கூறியது. ஆயினும் ஆலயம் நிறைந்திருந்தது. நான் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நீரிழிவுள்ள மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீங்களும் அன்றைக்கு மேடையில் இருந்தீர்களே" என்றார். அப்போதாவது நான் உண்மையைக் கூறியிருக்க வேண்டும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அம்மா" என்று மட்டும் சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் வளர்ந்து, மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. பார்க்கச் சென்ற என்னை அவர் குறைசொல்லவில்லை. "ஐயா, என் விசுவாசத்தில்தான் ஏதோ குறையோ?" என்று கேட்டார்.

நாட்கள் பல சென்றும் அந்தக் கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசு ஆண்டவரை நிறுத்தி, குதிக்கும்படி தூண்டினான். ஆண்டவர் மறுத்துவிட்டார். நானோ உப்பரிகையில் நின்றுகொண்டு, என் ஆட்டுக்குட்டி ஒன்றைக் குதிக்க விட்டேன். வேதவசனத்தைக் காட்டித்தான் பிசாசு அன்று பேசினான் என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு சபையிடமும் கேட்டேன். சிலர் அதன்பின் நம் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

5. கரைக்குக் காவல்

அப்படியாயின் நிறைவின் வேளையில் நாம் எவ்வாறு விழித்திருப்பது?

முதலாவது, ஆசீர்வாதத்துக்குப் பின்வரும் நாட்களை அபாயமான நாட்களாகக் கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்த மறுநாள், பிரதிஷ்டை முடிந்த வாரம், அபிஷேகம் பெற்ற ஆண்டு ஆகியவை காவலைத் தளர்த்துவதற்கல்ல, இரட்டிப்பாக்குவதற்குரியவை. பிசாசு ஆண்டவரை விட்டு விலகியதும் சிலகாலத்துக்கு மட்டுமே என்று லூக்கா குறிக்கிறார் (4:13).

இரண்டாவது, ஆராய்வதை அன்பின் செயலாகச் சபை கற்க வேண்டும். கொரிந்து சபையில் தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கும்படி பவுல் ஒழுங்குபடுத்தினார் (1 கொரி. 14:29). சங்கிலும் மூப்பரிலும் ஒருவரேனும் போதகரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் உரிமையுடையவராயிருக்க வேண்டும். கேட்பாரற்ற ஊழியன் காவலற்ற கரை போன்றவன்.

மூன்றாவது, ஊழியத்துக்காக அல்லாமல் தன் ஆத்துமாவுக்காகவே வேதத்தை வாசிக்கும் வழக்கம் போதகனுக்கு வேண்டும். பிரசங்கத்துக்கென்று மட்டும் வேதத்தைத் திறக்கிறவன், பந்தியில் பரிமாறிக்கொண்டே பட்டினியாய்ச் சாகக்கூடும்.

நான்காவது, செழிப்பைக் குறித்தது. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காக இங்கு வந்து, வாடகை அறையில் தொடங்கி, வங்கிக் கடனில் மனை வாங்கி, இன்று மாடிவீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் ஏராளம். அறையிலிருந்த நாட்களில் குடும்ப ஜெபம் தவறியதில்லை என்று அவர்களே கூறுகிறார்கள். தேவன் தந்த வீட்டில் தேவனுக்கு நேரமில்லை. உபாகமம் 8 ஆம் அதிகாரம் நம் ஊருக்கென்றே எழுதப்பட்டதோ என்று தோன்றுகிறது. அதற்கு மோசே கூறும் மருந்து, கடந்துவந்த வழியை நினைவுகூருதல். பிள்ளைகளுக்கு அந்தப் பழைய அறையின் கதையைச் சொல்லுங்கள். பெற்றதில் ஒரு பங்கு பிறருக்குப் பாய்ந்தோட வழி வையுங்கள். உபரிநீர் வழிந்தோடும் கலங்கல் இல்லாத ஏரிக்கு அதன் நிறைவே அழிவு.

முடிவுரை

நிற்கிறதாக நினைப்பவன் விழாதபடி எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்று பவுல் கூறியது (1 கொரி. 10:12), ஆவிக்குரிய வரங்களில் குறைவில்லாதிருந்த ஒரு சபைக்கு. அடுத்த வசனத்தில் அவரே ஆறுதலும் தருகிறார். திராணிக்கு மேலாகத் தேவன் சோதனையை அனுமதிப்பதில்லை. அதிலிருந்து தப்பும் வழியையும் கூடவே உண்டாக்குகிறார். மூலத்தில் அவ்வழியைக் குறிக்கும் 'எக்பாசிஸ்' என்னும் சொல்லுக்கு வெளியேறும் வழி என்று பொருள். அவ்வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. எனக்கு அது ஒரு மருத்துவமனைக் கட்டிலின் அருகில், ஒரு மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கும் வழியாகத் திறந்தது. வெட்கமான வழிதான். ஆயினும் அதன் வழியாகவே வெளியே வந்தேன்.

இறையியல் பயிலும் இளம் ஊழியரே, உங்கள் ஏரி நிறையும்படி நான் ஜெபிக்கிறேன். அது நிறையும் நாளில் உறங்கிவிடாதிருக்கும்படியும் ஜெபிக்கிறேன்.