விடுதி மாணவரும் சவுக்காரச் செலவும்

சென்னைக் கல்லூரி விடுதியிலிருக்கும் பிள்ளை மாதந்தோறும் சலவைச் சவுக்காரத்துக்கென்று பணம் கேட்டால், அவனைக் கோபித்துக்கொள்ளுமுன் அவன் துவைக்கும் தண்ணீரைக் கவனிக்க வேண்டுமென்போம். அங்கே பல விடுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரே கிடைக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவுக்காரத்தைத் திரித்துவிடுவதால், நுரை காணுமுன்பே கட்டி கரைந்து போகிறது. வாளி நீரில் சிறிது சலவைச் சோடாவை முதலில் கரைத்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். பருத்திச் சட்டைக்கும் கதர் வேஷ்டிக்கும் இது தகும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. துணியை அரைமணி நேரம் ஊறவைத்து, கழுத்துப்பட்டியிலும் கைமடிப்பிலும் மட்டும் சவுக்காரம் தேய்த்தாற் போதும். கட்டியை ஈரத்தில் கிடக்கவிடாமல் உலர வைப்பதும் அவசியம்.

இஸ்திரிச் செலவைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவ்விஷயத்தில் வாலிபர்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை.